கெண்டக்கால் இழுத்து கணுக்கால் கருத்த கேஸ்: பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருத்தர்

கெண்டக்கால்ல கொரக்களி (சதை இழுத்துக்கிறது) பிடிச்சு ரெண்டு மூணு நாள் கழிச்சு கணுக்கால் பக்கம் ரத்தம் கட்டி கருத்துப் போறது அபூர்வம்லாம் கிடையாது, பிசியோதெரபில இருக்கிற எல்லாருமே பாத்திருப்போம். ஆனா இவரு விஷயத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, பாம்பு கடின்னாங்க, நரம்புல ரத்தக்கட்டின்னாங்க, ஹார்ட் மாத்திரை தான் காரணம் அத நிறுத்துன்னாங்க, ஃப்ளோரைடு தண்ணின்னாங்க, இதுல எதை எதை வச்சு ஒதுக்கினோம், எதை ஒதுக்க முடியலங்கிறது தான் இந்த கேஸ்ல பாக்க வேண்டிய விஷயம். நான் தர்மபுரில பிசியோதெரபிஸ்ட். அவரும் வீட்டுக்காரங்களும் எழுதிக்கோங்கன்னுட்டாங்க, பேரும் ஊரும் மட்டும் வேணாம்.

ஆளுக்கு 63 வயசு. பாலக்கோடு பக்கம் கொஞ்சம் நிலம், தக்காளி போடுறாரு, வீட்டு சாப்பாட்டுக்கு கேழ்வரகு. எட்டு மாசத்துக்கு முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வச்சிருக்காங்க. அதுக்கு ஆஸ்பிரின் 75, க்ளோபிடோக்ரெல் 75, ரெண்டும் ஒரே கேப்சூல்ல, ராத்திரிக்கு கொழுப்புக்கு அடார்வாஸ்டாடின். பி.பி.க்கு டெல்மிசார்டன் கூட ஹைட்ரோகுளோரோதயசைடு சேந்த மாத்திரை, அதாவது உள்ள தண்ணி மாத்திரையும் (ஒண்ணுக்கு அதிகமா போக வைக்கிறது) சேந்தே இருக்கு, அது அவருக்கும் தெரியாது வீட்ல யாருக்கும் தெரியாது, கேட்டா பி.பி. மாத்திரைம்பாங்க அவ்ளோதான். சுகர் இல்ல. பீடிய ஸ்டென்ட் வச்சதுல இருந்து விட்டுட்டாரு.

ஏப்ரல் மாசம். பகல் பூரா வெயில்ல தக்காளி பறிச்சு க்ரேட்ல அடுக்கி, சாயந்திரம் டெம்போல ஏத்தி மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டு, ராத்திரி த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் டார்ச்ச எடுத்துக்கிட்டு மோட்டார் போட காட்டுக்கு, அதாவது நிலத்துக்குப் போயிருக்காரு. அன்னைக்கு தண்ணி குடிச்சதே கம்மி, காலைல ஒரு சொம்பு கூழு, மத்தியானம் களி, நடுவுல ரெண்டு டீ. விடியக்காலம் மூணு மணிக்கு வந்து படுத்தவருக்கு கொஞ்ச நேரத்துல இடது கெண்டக்கால் இழுத்துருச்சு. பாதம் கீழ வளைஞ்சு போய், சதை உள்பக்கமா முண்டு கட்டி திரண்டு நின்னுச்சுன்னு அவரு வீட்டம்மா சொன்னாங்க. வலி தாங்காம கட்டில்ல இருந்து துள்ளி எந்திரிச்சு அந்தக் கால ஊனி நின்னுருக்காரு, அப்ப பட்டுன்னு உள்ள ஏதோ விட்டுச்சாம். இந்த பட்டுன்னு விட்டத மொத ரெண்டு நாளு யாருமே அவர்கிட்ட கேக்கல, அவரும் யார்கிட்டயும் சொல்லல.

விடிஞ்சதும் நொண்டி நொண்டி நடந்தாரு. பக்கத்து ஊர்ல சுளுக்கு எடுக்கிறவரு ஒருத்தர கூட்டிட்டு வந்து சூடா விளக்கெண்ண போட்டு மேல இருந்து கீழ நல்லா அழுத்தி உருவி விட்டாங்க, அதுக்கு மேல மணல வறுத்து துணில கட்டி ஒத்தடம். மெடிக்கல்ல வலிக்கு கேட்டு டிக்ளோஃபெனாக் மாத்திரை, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. ஹார்ட்டுக்கு ரெண்டு மாத்திரை போகுதுன்னு மெடிக்கல்ல யாரும் கேக்கல, இவங்களும் சொல்லல. மூணாம் நாள் காலைல பாத்தா கெண்டக்கால் உள்பக்கத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் நீலம் பாரிச்ச கருப்பு, உள்பக்க கணுக்கால் எலும்புக்கு கீழ பிறை வடிவுல ஒரு கருந்திட்டு, பாதத்து ஓரம் வரைக்கும் இறங்கியிருந்துச்சு. அடிபட்ட ஞாபகமே இல்ல. வீடே பதறிருச்சு.

மொத சந்தேகம் பூச்சி கடி. எங்க பக்கம் ராத்திரில பாம்புன்னு வாய்ல சொல்ல மாட்டாங்க, பூச்சி தான். ராத்திரி இருட்டுல காட்டுக்குப் போன மனுஷன், கால் வீங்குது, கருக்குது, இத கேட்டு சிரிக்கிறவங்க இந்த மாவட்டத்துல வேலை பாத்திருக்க மாட்டாங்க. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடிச்சா வீக்கமும் வரும், ரத்தம் உறையிற தன்மையும் கெட்டுப்போகும், ஈறுல ரத்தம் கசியும், ஒண்ணுக்கு செவப்பா போகும். ஆனா விரியன் கடி கடிச்ச அப்பவே நல்லா வலிக்கும், வீக்கம் கடிச்ச இடத்துல ஆரம்பிச்சு மணிக்கணக்குல மேல ஏறும். இவருக்கு நேர் தலைகீழ், வலி கெண்டக்கால்ல ஆரம்பிச்சு ரெண்டு நாள் கழிச்சு கருப்பு கீழ இறங்குது. பல்லு தடமும் இல்ல. அப்படியும் தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில அந்த இருபது நிமிஷ டெஸ்ட் பண்ணித்தான் விட்டாங்க, அது சரிதான்னு நான் சொல்லுவேன். சுத்தமான காஞ்ச கண்ணாடி ட்யூப்ல 2 மில்லி ரத்தம் எடுத்து ஆட்டாம அசைக்காம 20 நிமிஷம் வச்சு அப்புறம் சாய்ச்சுப் பாக்கணும், உறைஞ்சு நின்னா சரி, தண்ணியா ஓடுனா விஷம் ஏறியிருக்கு. ட்யூப் பிளாஸ்டிக்கா இருந்தாலோ, சோப்பு போட்டு கழுவினதா இருந்தாலோ ரிசல்ட்ட நம்ப முடியாது, ஏன்னா ரத்தம் உறையிறத தொடங்கி வைக்கிறதே அந்த கண்ணாடி தான். இவருது கெட்டியா உறைஞ்சு நின்னுச்சு.

ரெண்டாவது சந்தேகம் டீப் வெயின் த்ராம்போசிஸ், உள் ரத்தக்குழாய்ல கட்டி. வீக்கம், வலி, ஒரே கால், வயசு, ஹார்ட் ஹிஸ்டரி, எல்லாம் அதுக்கும் பொருந்துது. இங்க ஒரு ஆபத்து இருக்கு, டாக்டர்களுக்கே இருக்கிற ஆபத்து. கட்டின்னு நெனச்சு ஸ்கேன் பாக்காம ரத்தம் உறையாம தடுக்கிற ஹெப்பாரின் ஊசிய ஆரம்பிச்சா, உள்ள இருக்கிறது கிழிஞ்ச சதையோட ரத்தமா இருந்துச்சுன்னா, ரத்தக்கசிவு பெருசாகி சதை உறைக்குள்ள அழுத்தம் ஏறி காலே ஆபத்துக்குப் போயிரும். டி-டைமர் டெஸ்ட்டும் இங்க உதவாது, உடம்புல எங்க ரத்தம் கட்டி கரைஞ்சாலும் அது ஏறத்தான் செய்யும், இவருக்கு ஏறியிருந்தா அதுல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. பாதத்த மேல மடக்கினா கெண்டக்கால் வலிக்குதான்னு பாக்குற பழைய டெஸ்ட் ஒண்ணு இருக்கு, கிழிஞ்ச சதைக்கும் வலிக்கும் கட்டிக்கும் வலிக்கும், அத வச்சு முடிவு பண்றவங்கள பாத்தா எனக்கு இன்னும் எரிச்சலா வரும். ரத்தக்குழாய்ல ஓட்டத்த பாக்குற டாப்ளர் ஸ்கேன் தான் வழி. அதுல வெயின் எல்லாம் அழுத்தினா நல்லா அமுங்குச்சு, கட்டி இல்ல. முழங்காலுக்குப் பின்னாடி வர்ற நீர்க்கட்டி, பேக்கர் சிஸ்ட்னு சொல்றது, அது உடைஞ்சாலும் இதே மாதிரி கணுக்காலுக்கு கீழ பிறை வரும், அதுவும் இல்ல. கெண்டக்கால்ல மேலாப்புல இருக்கிற காஸ்ட்ராக்னீமியஸ் சதையோட உள்பக்கம் தசைநாரோட சேர்ற எடத்துல பகுதி கிழிசல், அதுக்கும் அடில இருக்கிற சோலியஸ் சதைக்கும் நடுவுல சுமார் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு ரத்தத் தேக்கம்னு ரிப்போர்ட் வந்துச்சு.

ஆக டென்னிஸ் லெக்னு சொல்வாங்களே அது தான், டென்னிஸ் மட்டைய கண்ணால பாக்காத ஆளுக்கு. எப்படி கிழியுதுன்னா, இந்த சதை முழங்கால் மூட்டு கணுக்கால் மூட்டு ரெண்டையும் தாண்டிப் போகுது. இழுத்துக்கும்போது சதை முழு பலத்தோட சுருங்கி நிக்குது, பாதம் கீழ போயிருது. அந்த நேரத்துல மனுஷன் எந்திரிச்சு பாதத்த தரைல ஊனினா முழங்கால் நீட்டிக்குது, பாதம் மேல வருது, ரெண்டு முனைலயும் ஒரே சமயத்துல இழுவை, சுருங்கி நிக்கிற சதைய வலுக்கட்டாயமா நீட்டுறோம். கொரக்களியே கிழிக்கிறதும் உண்டு, ஆனா நான் பாத்த வரைக்கும் நிறைய பேருக்கு அந்த துள்ளி எந்திரிக்கிற நொடில தான் கிழியுது. கிழிஞ்ச ரத்தம் அங்கயே நிக்காது, மேட்டு வயல்ல விட்ட தண்ணி வரப்பு ஓரமா கசிஞ்சு பள்ளத்துல தேங்குற மாதிரி ரெண்டு சதைக்கு நடுவுல இறங்கி இறங்கி கணுக்கால்ல போய் நிக்கும், தோலுக்கு கீழ தெரியிறதுக்கு ஒரு நாள்ல இருந்து மூணு நாள் வரைக்கும் ஆகும். அதனால கணுக்கால் கருத்திருந்தா கணுக்கால அமுக்கிப் பாத்துட்டு வலிக்கலையேன்னு சந்தோஷப்படாதீங்க, மேல கெண்டக்கால் உள்பக்கம் நடுவுல ஒரு விரல வச்சு அமுக்குங்க. இவரு அங்க தொட்டதும் கட்டில விட்டு எந்திரிச்சுட்டாரு.

நம்ம தோல் நிறத்துக்கு இன்னொரு விஷயம். புத்தகத்துல இருக்கிற போட்டோல செவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்னு வரிசையா கலர் மாறும், ஹீமோகுளோபின் உடைஞ்சு பிலிவெர்டின், பிலிருபின்னு ஆகுறதால வர்ற கலர் அது. வெயில்ல வேலை செஞ்சு கருத்த கால்ல அந்த பச்சை மஞ்சள்லாம் தேடினா கிடைக்காது, கருநீலமா வந்து பழுப்பா மாறும், டியூப் லைட்ல சுத்தமா தெரியாது. வாசல்ல பகல் வெளிச்சத்துல ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும், தொட்டு சூடு வீக்கம் பாக்கணும். கருப்போட ஓரத்துல பேனால கோடு போட்டுட்டு மறுநாள் பாத்தா இறங்குதா பரவுதான்னு தெரியும். இவருக்கு நான் கோடு போட்டப்போ அவரோட பேத்தி வந்து தாத்தா கால்ல மேப் வரைஞ்சிருக்காங்கன்னு சொல்லிட்டுப் போச்சு.

இனி மாத்திரை விஷயம், இந்த கேஸ்ல முக்கியமான பகுதி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பி.பி. பாக்க வீட்டுக்கு வர்ற அக்கா ஒருத்தங்க (2021 ஆகஸ்ட்ல பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தான் அந்த திட்டத்தையே தொடங்கி வச்சாங்க) மூணாம் நாள் தற்செயலா வந்திருக்காங்க. கால பாத்ததும் அவங்க கேட்ட மொத கேள்வி, "வீட்ல இருக்கிற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க". டிக்ளோஃபெனாக் அட்டை அப்படித்தான் வெளிய வந்துச்சு. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ரத்தத்த உறைய வைக்கிற தட்டணுக்கள் ஒட்டிக்கிறத தடுக்குது, அதுக்கு மேல டிக்ளோஃபெனாக் சேந்தா ரத்தக்கசிவு கூடுது, வயித்துப் புண்ணு வேற, ஹார்ட் பேஷண்ட்டுக்கு அந்த மாத்திரையே நல்லதில்ல. அதோட சூடும் உருவலும். மொத ரெண்டு மூணு நாள்ல சூடு வச்சா ரத்தக்குழாய் விரியும், அழுத்தி உருவினா கிழிசல் பெருசாகும், ரத்தம் தேங்கின சதைய ஓயாம தேய்ச்சா நாளைக்கு உள்ளயே எலும்பு மாதிரி கால்சியம் படிஞ்சு கெட்டியாகிற வாய்ப்பும் உண்டு. சுளுக்கு எடுக்கிறவங்க மேல எனக்கு கோவம் இல்ல, வேற சில விஷயத்துல அவங்க கைல பலன் இருக்கு, ஆனா கிழிஞ்ச சதைக்கு மொத மூணு நாள் கை வைக்கக்கூடாது.

பையன் பெங்களூர்ல வேலை, போன்ல நெட்ல பாத்துட்டு "அந்த கேப்சூல நிறுத்திரலாம்ல அண்ணா, அது தானே ரத்தத்த தண்ணியாக்குது" அப்படின்னு கேட்டாரு. நிறுத்தவே கூடாதுன்னு சொன்னேன். ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம் கூட ஆகல, அதுக்குள்ள தானா நிறுத்தினா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறைஞ்சு மறுபடியும் அட்டாக் வரலாம், கெண்டக்கால்ல கருப்பு இருக்கிறது எவ்ளோ பயமா தெரிஞ்சாலும் அதுக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்ல. ஸ்டென்ட் வச்ச டாக்டர்கிட்ட ஆஸ்பத்திரில இருந்தே போன்ல பேசினாங்க, அவரும் கேப்சூல் அப்படியே போகட்டும், டிக்ளோஃபெனாக்க உடனே விடுங்க, வலிக்கு பாராசிட்டமால் போதும்னுட்டாரு. ப்ளட் டெஸ்ட்ல தட்டணு 2.1 லட்சம், 1.5 லட்சத்துக்கு மேல இருந்தா நார்மல், அதனால டெங்கு மாதிரி விஷயங்கள ஒதுக்கியாச்சு. ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்குற பி.டி., ஏ.பி.டி.டி. ரெண்டும் நார்மல், அதனால உறையிற ஃபேக்டர் குறைபாடும் இல்ல. பொட்டாசியம் 3.2, கீழ் எல்லை 3.5. சோடியமும் கொஞ்சம் கம்மி. அதாவது தண்ணி மாத்திரை, வெயில், வேர்வை, தண்ணி குடிக்காதது எல்லாம் சேந்து கொரக்களிக்கு வழி பண்ணியிருக்கு. ஃபிசிஷியன் அந்த பி.பி. மாத்திரைல தண்ணி மாத்திரை இல்லாத வகைக்கு மாத்தி, கூட அம்லோடிபின் சேத்தாரு.

அடார்வாஸ்டாடின் தான் காரணமோன்னு ஒரு கேள்வி வந்துச்சு, நியாயமான கேள்வி தான். ஸ்டாடின்ல வர்ற சதை வலி பெரும்பாலும் ரெண்டு பக்கமும் சமமா வரும், தொடை இடுப்பு தோள்னு பெரிய சதைகள்ல. ஒரு கெண்டக்கால் மட்டும், அதுவும் ஒரே நொடில, அது ஸ்டாடின் இல்ல. சதை சேதமானா ரத்தத்துல ஏறுற சி.கே. டெஸ்ட் 600க்கு மேல இருந்துச்சு, ஆனா சதை கிழிஞ்சவனுக்கு சி.கே. ஏறாம எப்படி இருக்கும், அத வச்சு ஸ்டாடின நிறுத்தல, ஒரு மாசம் கழிச்சு பாத்தப்போ நார்மலுக்கு வந்துருச்சு.

ஃப்ளோரைடு பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா எங்க மாவட்டத்துல எந்த கால் வலிக்கும் கடைசில அங்க தான் வந்து நிக்கும். தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டுலயும் போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டின தண்ணிய வருஷக்கணக்குல குடிச்சா பல்லு கறை படியும், முதுகும் மூட்டும் இறுகும், அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே ஜப்பான் கடன்ல வந்துச்சு. இவரு பல்லுலயும் அந்த பழுப்பு கோடு இருக்கு. ஆனா ஃப்ளோரைடு ராத்திரியோட ராத்திரியா கெண்டக்கால்ல ரத்தம் கட்ட வைக்காது.

என்கிட்ட வந்தது நாலாம் நாள். முழங்காலுக்கு கீழ எலும்பு முண்டுல இருந்து 10 சென்டிமீட்டர் அளந்து டேப் சுத்தினா இடது 36.5, வலது 34. குப்புற படுக்க வச்சு கெண்டக்கால அமுக்கினா பாதம் அசைஞ்சுச்சு, அதனால குதிகால் நரம்புன்னு நம்ம சொல்ற அக்கிலிஸ் தசைநாரு முழுசா இருக்கு. கால் விரல்ல உணர்ச்சி இருக்கா, விரல நான் அசைச்சா கெண்டக்கால்ல உயிர் போற வலி வருதா, சதை இறுகி பளபளன்னு இருக்கான்னு மூணையும் வந்த ஒவ்வொரு தடவையும் பாத்தேன். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்னு ஒண்ணு, உறைக்குள்ள அழுத்தம் ஏறி சதைக்கு ரத்தம் போகாம நிக்கிறது, ஆறு மணி நேரத்துலயே சதை சாக ஆரம்பிச்சுரும், உடனே ஆபரேஷன் பண்ணி அந்த உறைய கிழிச்சு விடணும். பாதத்துல பல்ஸ் இருக்கே அப்புறம் என்ன பயம்னு சிலர் சொல்வாங்க, பல்ஸ் போறது கடைசி கட்டத்துல, அதுவரைக்கும் காத்திருந்தா கால் போயிரும். மாத்திரை போட்டும் அடங்காத வலி, நேரம் போகப் போக ஏறுற வலி, மரத்துப் போறது, இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரி எத்தன மணியா இருந்தாலும் வண்டி ஏறுங்கன்னு பையன்கிட்ட எழுதிக் குடுத்தேன்.

வீட்ல க்ரேப் பேண்டேஜ் வாங்கி கெண்டக்கால்ல மட்டும் வளையம் மாதிரி இறுக்கி சுத்தியிருந்தாங்க, அவுத்துப் பாத்தா கீழ பாதம் பூரா உப்பி கெண்டக்கால்ல பள்ளம் விழுந்து இருந்துச்சு. கால் விரல் அடில ஆரம்பிச்சு, குதிகால மூடி, பாதி பாதி ஏறுற மாதிரி முழங்காலுக்கு கீழ வரைக்கும் வரணும், கீழ கொஞ்சம் இறுக்கமா மேல போகப் போக லூசா. அந்தம்மாகிட்ட ரெண்டு தடவ செஞ்சு காட்டினேன், மூணாவது தடவ அவங்க சுத்தினது என்னைவிட நல்லா இருந்துச்சு. "தம்பி, ரத்தம் கீழ இறங்கிட்டே இருக்குதுங்களே, கால எடுத்துருவாங்களா"ன்னு கேட்டாங்க. "எடுக்க மாட்டாங்கம்மா, இறங்கினது நல்லது தான், மேல தேங்கி நிக்கல"ன்னேன். ஐஸ துணில சுத்தி 15 நிமிஷம், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ, வெறும் தோல்ல வைக்கக்கூடாது. தலகாணி ரெண்டு போட்டு கால ஹார்ட்டுக்கு மேல தூக்கி வைக்கணும். ரெண்டு செருப்புலயும் குதிகாலுக்கு அடில மைக்ரோ செல்லுலார் ரப்பர்ல ஒரு சென்டிமீட்டர் தூக்கல் வச்சோம், பாதம் கொஞ்சம் கீழ இருந்தா கிழிஞ்ச சதைக்கு இழுவை குறையும். ஒரு கால்ல மட்டும் வச்சா இடுப்பு வலி வந்துரும், அதான் ரெண்டுலயும்.

பெரிய பிரச்சனை டாக்டர் யாரும் கேக்காத ஒண்ணு, கக்கூஸ். இண்டியன் டாய்லெட்ல குத்த வச்சா கணுக்கால் முழுசா மடங்கி கெண்டக்கால் அடி சதை நீளுது, எந்திரிக்கும்போது முழு வெயிட்டும் அதுல. ஆறு வாரம் நடுவுல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் சேர் வச்சு சமாளிச்சாரு, அவமானமா இருக்குதுங்கன்னாரு, அதுக்கு என்ன பண்றது.

ஒரு வாரம் கழிச்சு வலி வராத அளவுக்கு பாதத்த மேல கீழ ஆட்டுறது, ரெண்டாம் வாரம் துண்டை பாதத்துல மாட்டி உக்காந்தபடி மெதுவா இழுக்குறது, மூணாம் வாரம் செவுத்த புடிச்சு ரெண்டு குதிகாலையும் தூக்குறது, அஞ்சாம் வாரம் ஒத்தக் கால்ல. ஆறாம் வாரம் சுத்தளவு வித்தியாசம் அரை சென்டிமீட்டர், அதுவும் இப்ப இடது தான் கம்மி, வேலை இல்லாம சதை இளைச்சிருந்துச்சு. ரிப்பீட் ஸ்கேன்ல தேக்கம் முக்கால்வாசி கரைஞ்சிருந்துச்சு, கெண்டக்கால் உள்பக்கம் சுண்டைக்கா சைசுக்கு ஒரு தடிப்பு கைக்கு தட்டுப்படுது, அது தழும்பு, இருந்துட்டுப் போகட்டும். கணுக்காலுக்கு கீழ பழுப்பு கறை இன்னும் இருக்கு, ரத்தத்துல இருந்த இரும்பு தோல்ல படிஞ்சது, போக மாசக்கணக்காகும், அதுக்குன்னு மெடிக்கல்ல விக்கிற க்ரீம் எதுவும் வேணாம்னுட்டேன்.

மறுபடியும் இழுத்தா என்ன பண்றதுன்னு கேட்டாரு, ஏன்னா இழுக்கும், வயசானவங்களுக்கு அது அடிக்கடி வர்றது தான். எந்திரிக்கவே கூடாது. படுத்தபடியே முழங்கால நீட்டி, கால் விரல கையால இல்ல துண்டால மூஞ்சி பக்கம் மெதுவா இழுத்து பிடிக்கணும், விடுற வரைக்கும். சதை இளகினப்புறம் தான் கால கீழ வைக்கணும். படுக்கும் முன்னாடி செவுத்துல கை ஊனி கெண்டக்கால நீட்டுற பயிற்சி தினமும். மெக்னீசியம் மாத்திரை வயசானவங்களுக்கு வர்ற இந்த கொரக்களிக்கு பெருசா உதவுறதா ஆராய்ச்சில தெரியல, பணம் தான் செலவு. குயினின் மாத்திரை கொரக்களிக்கு நல்லதுன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, அது தட்டணுவையே குறைச்சு தானா ரத்தம் கட்ட வைக்கும், அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. இதுக்காகவே 2010ல எச்சரிக்கை விட்டிருக்கு. உப்பு போட்ட எலுமிச்ச சோடா வெயில்ல வேலை செய்யிற இளவட்டத்துக்கு சரி, பி.பி.யும் ஸ்டென்ட்டும் இருக்கிறவரு அத தினமும் குடிக்க முடியாது. இவரு இப்ப காட்டுக்கு ரெண்டு லிட்டர் கேன்ல தண்ணி கொண்டு போறாரு, பொட்டாசியம் 4.1க்கு வந்துருச்சு.

பையன் மோட்டாருக்கு சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டிக் குடுத்திருக்காரு, கட்டில்ல படுத்தபடியே போன் போட்டா ஓடும். பெரியவரு அப்படியும் ராத்திரில ஒரு தடவ எந்திரிச்சுப் போய் தண்ணி வருதான்னு பாத்துட்டு தான் வர்றாரு, ஆனா இப்ப ஷூ போட்டுக்கிட்டு.